உயிரோடு இருக்கும்போதே அஞ்சலி மலர்!

கடையில் பத்திரிகை தொங்குகிறது. அட்டையில் கறுப்பு பார்டர். நடுவில் ஒரு பெண்ணின் முகம். அன்போடு நினைவுகூர்கிறோம் என்று தலைப்பு. கூடவே '1981 - 2009' என்று வருஷக் கணக்கு. அதிகாரபூர்வ அஞ்சலிச் சிறப்பிதழ்!

எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஒரே ஒரு சின்னக் குறை. சம்பந்தப்பட்டவர் இன்னும் சாகவில்லை.

இங்கிலாந்தில், 2009 மார்ச் மூன்றாவது வாரம் நடந்த கூத்து இது. பத்திரிகையின் பெயர் 'ஓகே!'. அட்டையில் இருந்தவர் ஜேட் கூடி. வயது 27. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப்போய், எஸ்ஸெக்ஸில் தன் வீட்டில் படுத்திருந்தார். உயிர் பிரிந்தது மார்ச் 22-ஆம் தேதி. ஆக, தன்னுடைய அஞ்சலி மலர் கடைக்கு வந்த பிறகும் அம்மணி சில நாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். யாராவது ஒரு பிரதி வாங்கி வந்து கொடுத்திருந்தால் அவரே படித்திருக்கலாம்.

வாரப் பத்திரிகைக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும் சார். நான் தீபாவளி மலருக்கு எழுதும்போது ஆயுத பூஜைப் பொரியே வந்திருக்காது. 'ஊரெல்லாம் ஒரே வெடிச் சத்தம்' என்று புழுக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி டிராயரில் தயாராக வைத்திருப்பதும் உலகம் பூராவும் உள்ள பழக்கம்தான். ஆனால் டிராயரில் இருப்பது வேறு. கடையில் கிளிப் போட்டுத் தொங்குவது வேறு. அடுத்த வாரம் வரை காத்திருந்தால் போட்டிப் பத்திரிகை முந்திக்கொள்ளும். வியாபாரம், சார். இவர்கள் முந்திக்கொண்டது போட்டியாளரை மட்டுமல்ல, எமனையும்!

★

யார் இந்த ஜேட் கூடி? பாட்டு தெரியாது, நடிப்பு தெரியாது. தெற்கு லண்டனில் பெர்மான்சி என்ற சாதாரணப் பேட்டையில் பிறந்து, பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்தவர். 2002-இல் 'பிக் பிரதர்' நிகழ்ச்சிக்குப் போனார். (நம்மூர் 'பிக் பாஸ்' இருக்கிறதே, அதன் அண்ணன். ஒரு வீட்டில் பத்துப் பேரை அடைத்து, அவர்கள் அடித்துக்கொள்வதை நாம் டிபன் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது.) ஈஸ்ட் ஆங்லியா என்பது இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. அம்மணி அதன் பெயரையும் தப்பாகச் சொல்லி, அது வெளிநாடா என்றும் கேட்டார். விடுவார்களா?

டாப்லாய்ட் என்று சொல்லப்படும் அரை சைஸ் பத்திரிகைகள் லண்டனில் ஒரு தனி ஜாதி. கால் பக்கம் செய்தி, முக்கால் பக்கம் தலைப்பு. அவை இந்தப் பெண்ணைப் 'பன்றி' என்றே எழுதின. ஜாடையாக இல்லை சார், அச்சில். அப்போது அவருக்கு 21 வயது.

நாலாவது இடம் பெற்று வெளியே வந்தார். பன்றி என்று எழுதினால் விற்கிறது. அவரே பேசினால் இன்னும் விற்கிறது! இதைப் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. உடனே அட்டைப் படம், பேட்டி, சுயசரிதை, உடற்பயிற்சி டி.வி.டி., சொந்தப் பெயரில் சென்ட் என்று ராஜ வாழ்க்கை. அந்த சென்ட்டின் பெயர் 'ஷ்ஷ்...'. வாயை மூடவே தெரியாத பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

அடுத்த அத்தியாயம் நமக்குத் தெரிந்ததுதான். 2007 ஜனவரியில் பிரபலங்களுக்கான 'பிக் பிரதர்' வீட்டில் நம் ஷில்பா ஷெட்டியும் ஜேட் கூடியும் மோதிக்கொண்டார்கள். ஷில்பாவின் பெயரோடு 'பாப்படம்' என்று அப்பளத்தைச் சேர்த்து ஜேட் பேச, இனவெறி என்று பிரிட்டனே பற்றிக்கொண்டது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' அமைப்புக்கு வந்த புகார்கள் சுமார் 44,500. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் இந்தியா வந்திருந்தார். பாவம், பொருளாதாரம் பேச வந்த மனிதர், அப்பளத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேட் வெளியேற்றப்பட, ஷில்பா ஜெயித்தார். 'ஷ்ஷ்...' சென்ட்டைக் கடைக்காரர்கள் அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

பாவமன்னிப்பு மாதிரி, 2008 ஆகஸ்டில் இந்திய 'பிக் பாஸ்' இரண்டாவது சீசனுக்கு வந்தார் ஜேட். நடத்தியவர் அதே ஷில்பா! உள்ளே நுழைந்த மறுநாளோ என்னவோ, லண்டனிலிருந்து டாக்டர் ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய். ஒரு பெண் தன் உயிருக்கு ஆபத்து என்று கேட்ட இடம், சுற்றிலும் கேமரா மாட்டிய வீடு. நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறினார்.

★

2009 பிப்ரவரியில் டாக்டர்கள் கையை விரித்தார்கள். இனி மாதக் கணக்கில்கூட இல்லை, வாரக் கணக்குதான் என்ற நிலை. ஜேட் கூடிக்கு இரண்டு பையன்கள். ஒருவனுக்கு 5 வயது, இன்னொருவனுக்கு 4.

அப்போது அவர் எடுத்த முடிவுதான் ஊரை இரண்டாக்கியது. தன் சாவை விற்பது!

மாக்ஸ் கிளிஃபர்ட் என்ற விளம்பர ஏஜென்ட் பேரம் பேசினார். (பிரபலங்களின் ரகசியங்களை வாங்கி விற்பதில் லண்டனிலேயே பெரிய கை. பிற்பாடு 2014-இல் பாலியல் குற்ற வழக்கில் 8 வருஷம் தண்டனை பெற்று, 2017-இல் கைதியாகவே இறந்தார். அது வேறு கதை.) பிப்ரவரி 22-இல் ஜேட்டுக்குக் கல்யாணம். கீமோதெரபியால் முடியெல்லாம் கொட்டிப்போன மணமகள். கல்யாணப் படங்களின் உரிமையை 'ஓகே!' வாங்கிக்கொண்டது. அன்றைய பத்திரிகைகள் சொன்ன விலை 7 லட்சம் பவுண்டு. டி.வி. உரிமை தனி. கல்யாண கவுன் ஹாரட்ஸ் முதலாளி முகமது அல் ஃபயத் கொடுத்த அன்பளிப்பு. மாப்பிள்ளை ஜாக் ட்வீட் ஓர் அடிதடி வழக்கில் சிறைக்குப் போய், சாயங்காலம் 7 மணிக்குமேல் வீட்டை விட்டு நகரக் கூடாது என்ற நிபந்தனையில் வெளியே வந்தவர். முதலிரவுக்கு மட்டும் அந்த நிபந்தனையைத் தளர்த்த நீதித் துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா அனுமதி கொடுத்தார். ஒரு மந்திரி கையெழுத்து போட வேண்டியவை என்னென்ன இருக்கின்றன பாருங்கள்!

கேமரா முன்னால்தான் வாழ்ந்தேன், ஒருவேளை கேமரா முன்னாலேயே செத்தும் போகலாம் என்கிற மாதிரி ஜேட்டே பேட்டியில் சொன்னார். பணம் எதற்கு என்பதையும் மறைக்கவில்லை. பையன்கள் இருவரும் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். தான் ஈஸ்ட் ஆங்லியாவை வெளிநாடு என்று நினைத்த மாதிரி அவர்கள் நினைக்கக் கூடாது. அதற்கு.

உடனே கிளம்பிவிட்டார்கள். 'சாவிலுமா வியாபாரம்', 'கண்ணியம் வேண்டாமா'... திட்டியவர்களில் பாதிப் பேர் அதே படங்களைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள். 2007-இல் இந்தியாவில் அவதிப்பட்ட அதே கார்டன் பிரவுன், இப்போது பிரதமர். அவரே குடும்பத்துக்காக இப்படிப் பாடுபடுவதைப் பாராட்டிப் பேச வேண்டியதாயிற்று.

நான் பி.காம். எனக்கு எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போடத் தோன்றும். இந்த விஷயத்துக்கும் போட்டுப் பார்த்தேன். பன்றி என்று எழுதி விற்றது பத்திரிகை. பிறகு அவரைக் கொஞ்சி விற்றது பத்திரிகை. 2007-இல் இனவெறிப் பிசாசு என்று விற்றது, 2009-இல் தியாகத் தாய் என்று விற்றது, உயிரோடு இருக்கும்போதே அஞ்சலி மலர் போட்டு விற்றது, எல்லாம் பத்திரிகை. அவர் வீட்டு வாசலில் பகலும் ராத்திரியும் கேமராவோடு நின்றவர்களுக்கும் மாதச் சம்பளம் உண்டு. ஒரு கை மாற்றி இன்னொரு கைக்கு ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த சரக்கு அந்தப் பெண். கடைசி சில வாரம் மட்டும் சரக்கே கல்லாவில் உட்கார்ந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் கண்ணியம் ஞாபகம் வந்தது!

இதைக் கும்பகோணத்து அத்தையிடம் சொன்னேன். ரிடையர்டு டீச்சர். மூணு பிள்ளைகளைத் தனியாளாகக் கரை சேர்த்தவர்.

"கல்யாண போட்டோவுக்கா அவ்வளவு பணம் குடுத்தான்?" என்றார் முதலில்.

"ஆமாம் அத்தை. சாகப்போறவளுக்கு இது தேவையான்னு ஊரே திட்டிச்சு."

"யாரு திட்டினது? அந்தப் பசங்களுக்கு ஃபீஸ் கட்டறேன்னு வந்தவங்களா?"

"இல்ல அத்தை... பொதுவா..."

"நான் உங்க மாமா போனப்புறம் வளையலை அடகு வெச்சுதான் பெரியவனை காலேஜ்ல சேர்த்தேன். யாராவது கேட்டாங்களா? அவகிட்ட வைக்கறதுக்கு வேற என்னடா இருந்தது?"

கேள்வியை என்னிடம் விட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டார்.

ஜேட் இறந்தது அன்னையர் தினத்தன்று. அந்த ஊரில் அது மார்ச்சில் வரும். கடைசி மூச்சு கேமரா முன்னால் போகவில்லை. வீட்டு மனிதர்கள் நடுவில்தான் போயிற்று. மறுமாதமே மைக்கேல் பார்கின்சன் என்ற பழம்பெரும் டி.வி. பேட்டியாளர், இன்றைய பிரிட்டனில் தரங்கெட்டுப்போன அத்தனைக்கும் இந்தப் பெண்தான் அடையாளம் என்கிற தொனியில் எழுதினார். பத்திரிகைகள் அவரைப் பயன்படுத்தித் தூக்கி எறிந்ததையும் அவர் அதே கட்டுரையில் சொல்லாமல் இல்லை. ஆனால் தலைப்பாகப் போனது முதல் பாதிதான். டாப்லாய்ட் வழக்கம்!

இந்தக் கணக்கில் பத்திரிகைகளுக்கும் ஒரு வரவு எழுதித்தான் ஆக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சாதாரணப் பரிசோதனை இருக்கிறது. சில நிமிஷ வேலை. கூச்சத்தாலும் சோம்பலாலும் பெண்கள் தள்ளிப்போடுவார்கள். ஜேட்டின் செய்தி நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த அந்த 2008 - 2009 சமயத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 5 லட்சம் பரிசோதனைகள் அதிகமாக நடந்தன. சுகாதாரத் துறை போஸ்டர் ஒட்டிச் சாதிக்க முடியாததை ஒரு மொட்டைத் தலை மணமகள் சாதித்தார். (பிறகு சில வருஷத்தில் ஜனங்கள் மறந்துவிட்டார்கள் என்பது வேறு. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வீட்டில் இருக்கிற 30 தாண்டிய அம்மணிகள் ஒரு தடவை லேடி டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.)

★

விற்றவள் கதையைச் சொல்லிவிட்டேன். அதே வருஷம், அதே நோய் வகை, கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், விற்க மாட்டேன் என்றவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபாரா ஃபாசெட். 1976-இல் 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' டி.வி. தொடரில் வந்தவர். சிவப்பு நீச்சலுடையில் அவர் சிரிக்கும் போஸ்டர் லட்சக்கணக்கில் விற்று, அமெரிக்க ஹாஸ்டல் சுவர்களை எல்லாம் நிறைத்தது. 2006-இல் அவருக்குப் புற்றுநோய். லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் வைத்தியம். என்ன அதிசயமோ, டாக்டர் அவரிடம் சொல்லும் சங்கதி கொஞ்ச நாளில் 'நேஷனல் என்கொயரர்' பத்திரிகையில் வந்துவிடும். சொல்லாததும் வரும். சாக விடுங்கள் என்று அவர் கெஞ்சுவதாக ஒரு தடவை தலைப்பு. போராடிக்கொண்டிருந்த மனுஷிக்கு எப்படி இருந்திருக்கும்!

வீட்டில் யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று யாரையெல்லாம் சந்தேகப்படுவது? சிநேகிதியையா, தம்பதியாக வாழ்ந்தவரையா? நோயைவிட இது கொடுமை. ஃபாரா ஒரு காரியம் செய்தார். 2007 மே மாதம் நோய் திரும்பி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அதை நெருங்கியவர்கள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், அவ்வளவுதான். சில நாளிலேயே என்கொயரரில் செய்தி! சி.ஐ.டி. வேலையைப் படுத்த படுக்கையில் இருந்தே முடித்துவிட்டார்.

விசாரித்தால், முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்த ஓர் அலுவலக ஊழியை, கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து பார்த்துத் தகவலை விற்றிருக்கிறார். பத்திரிகை அவர் கணவர் பெயரில் செக் கொடுத்திருக்கிறது. மொத்தம் எவ்வளவு தெரியுமா? குற்றப்பத்திரிகையில் உள்ளபடி 4,600 டாலர். ஹாலிவுட் அழகியின் நோய், பல வாரத்து அட்டைப் படக் கதை, கொள்முதல் விலை 4,600 டாலர்! ஜேட் கூடியின் 7 லட்சம் பவுண்டைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் இந்த லாப விகிதத்தைக் கொஞ்சம் கணக்குப் பண்ண வேண்டும். நோயாளியே விற்றால் விலை கூடுதல். திருடி விற்றால் மலிவு. அதனால்தான் திருட்டுச் சரக்குக்கு மார்க்கெட் எப்போதும் இருக்கிறது.

அந்த ஊழியை 2008 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை சொல்லும் முன்பே 2009 மார்ச்சில் இறந்துபோனார். அவருக்கும் புற்றுநோய். அவருடைய மெடிக்கல் ஃபைலை யாரும் திறந்து பார்க்கவில்லை, விலை போகாது. செக் எழுதிய பத்திரிகை மேல் வழக்கு எதுவும் வரவில்லை.

இதே என்கொயரர்தான் 2008 மார்ச்சில் நடிகர் பாட்ரிக் ஸ்வேஸிக்குக் கணையப் புற்றுநோய், இன்னும் 5 வாரம்தான் என்று தேதி குறித்தது. மனிதர் அதற்கப்புறம் 13 எபிசோடு டி.வி. தொடர் ஒன்றில் ஓடியாடி நடித்து முடித்து, 2009 செப்டம்பரில்தான் போனார். ஐந்து வாரம், ஒன்றரை வருஷம் ஆயிற்று. நம்மூர் ஜோசியர் இப்படிச் சொல்லியிருந்தால் போர்டைக் கழற்றியிருப்பார்கள்.

ஃபாரா சமாசாரம் வெளியே வந்த பிறகு ஆஸ்பத்திரியைத் துருவினால், எட்டிப் பார்க்கப்பட்ட ஃபைல்கள் ஒன்றிரண்டு அல்ல. பிரிட்னி ஸ்பியர்ஸ் ஃபைல், கவர்னர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் மனைவி மரியா ஷ்ரைவரின் ஃபைல்! வீட்டு விஷயம் ஆனதும் டெர்மினேட்டர் சும்மா இருப்பாரா? 2008-லேயே கலிஃபோர்னியாவில் கடுமையான சட்டம் வந்துவிட்டது. 2011-இல் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகம், இது மாதிரி எட்டிப் பார்த்த புகார்களுக்காக அமெரிக்க அரசுக்கு 8,65,500 டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது.

கடைசியில் ஃபாராவும் ஜேட்டின் வழிக்குத்தான் வந்தார், கொஞ்சம் வேறு மாதிரி. கையடக்க கேமராவில் தன் சிகிச்சையைத் தானே படம் பிடிக்க வைத்தார். வாந்தி, வலி, மொட்டைத் தலை எல்லாம். 2009 மே 15-இல் என்.பி.சி. டி.வி.யில் அது ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் சுமார் 90 லட்சம் பேர். தன் நோயைப் பற்றி ஊர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை முதல் தடவையாக அவரே தீர்மானித்தார்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 25 காலை, சான்டா மோனிகாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஃபாரா இறந்தார். மூன்று வருஷமாக அவர் படுக்கையை விட்டு நகராத டாப்லாய்ட் நிருபர்களும் டி.வி. வேன்களும் அங்கே கூடி, மறுநாள் பேப்பருக்கு முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று பகல் இரண்டரை மணி வாக்கில், அதே லாஸ் ஏஞ்சலஸில், மைக்கேல் ஜாக்சன் இறந்துபோனார். வேன்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.